பட்டினி, படுக்கை, பத்தியம்: புற்றுநோய் அறுவைக்குப் பின் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவது ஏன்?



2021ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிக்பீல்ட்சில் வேலை செய்யும் தம்பி ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். மூக்குமூடிக்கு மேலே தெரிந்த இரண்டு கண்ணிலும் கோபம். அவருடைய தகப்பனார் எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர், வயது 54. பெருங்குடலில் புற்று என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை நடந்திருந்தது.

"ஐயா, திங்கக்கிழமை வயித்த அறுத்து குடல்ல ஒரு சாண் வெட்டி எடுத்திருக்காங்க. சனிக்கிழமையே வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டாங்க. கோவிட் ஆளுங்களுக்குக் கட்டில் வேணும், அதான் எங்கப்பாவ வெரட்டி விட்டுட்டாங்க. தோட்டத்துக்காரன்தானே, யாரு கேக்கப் போறான்னு நெனச்சிட்டாங்க!"

நான் அவரை உட்கார வைத்து ஒரு தே ஓ கொடுத்துவிட்டு, அவரோடு அந்த வீட்டுக்குப் போனேன். பெரியவர் சன்னல் சாத்திய அறையில், போர்வைக்குள் மல்லாந்து படுத்திருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. ஒரு கிண்ணத்தில் உப்புப் போட்ட வெறுங்கஞ்சி. "அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன் டிரெசரய்யா. முட்டை, மீன், கோழி ஒண்ணுமே கண்ணுல காட்டல. புண்ணு சீழ் புடிச்சிரும்ல?" என்றார் அவர் மனைவி. அந்தத் தாயின் அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி கொடுத்து அனுப்பிய தாளை வாங்கிப் பார்த்தேன். தினமும் நடக்க வேண்டும், புரதச் சத்துள்ள உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட வேண்டும் என்று மலாயில் தெளிவாக எழுதியிருந்தது. அதைத் தமிழில் அவர்களுக்குப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. ஆஸ்பத்திரி ஒன்று சொல்ல, வீடு அதற்கு நேர் எதிராக ஒன்றைச் செய்துகொண்டிருந்தது.

அன்று அந்த வீட்டுத் திண்ணையில் நான் சொன்னவற்றைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறேன். இன்னொரு வீட்டுக்கு இது உதவக்கூடும்.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் கோவிட் வந்ததால் உண்டானதல்ல. டென்மார்க் நாட்டைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலட், 1990களில் ஒரு கேள்வியைக் கேட்டார். அறுவை நன்றாக முடிந்த பிறகும் நோயாளி ஏன் ஒரு வாரம், பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்? அவரைப் பிடித்து வைத்திருப்பது எது?

ஆராய்ந்து பார்த்தால் காரணம் புண் மட்டுமல்ல. வலி, வாந்தி, பட்டினி, நரம்பில் அளவுக்கு மிஞ்சி ஏற்றிய தண்ணீர், உடம்பில் செருகிய குழாய்கள், ஓயாத படுக்கை ஆகிய இவை எல்லாம் சேர்ந்துதான் மனிதனைச் சாய்க்கின்றன. இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்தால் என்ன ஆகும்? பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த 16 பேரை இந்த முறையில் கவனித்து, பெரும்பாலோரை இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது என்று 1999இல் அவரும் அவருடைய சகாவும் எழுதினார்கள். அப்போது பலர் நம்பவில்லை. பிறகு பல நாடுகளில் சோதித்தார்கள். குடல் அறுவை பற்றிய 16 ஆய்வுகளை, 2,300க்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரத்தை, 2014இல் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஆஸ்பத்திரி நாள் சராசரியாக இரண்டுக்குச் சற்று மேல் குறைந்திருந்தது. அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களும் குறைந்திருந்தன. முக்கியமாக, வீட்டுக்குப் போனவர்கள் மறுபடி வந்து சேருவது கூடவில்லை.

இதற்கு விரைவு மீட்சித் திட்டம் என்று பெயர். ஆங்கிலத்தில் சுருக்கி 'இராஸ்' என்பார்கள். நம் நாட்டிலும் இது புதிதல்ல. புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்தில், கருப்பை, சினைப்பை போன்ற இடங்களில் புற்று வந்து அறுவைக்கு வந்த 118 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று வெளிவந்தது. அறுவைக்கு முன் சத்துப் பானமும், அறுவை முடிந்ததும் சீக்கிரமே உணவும் பெற்றவர்கள், பழைய முறையில் இருந்தவர்களைவிடக் கிட்டத்தட்ட ஒரு நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள்.

பட்டினி

அறுவைக்கு முன் நடுச்சாமத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தொடக் கூடாது என்பது நம் தாத்தா காலத்து விதி. அதற்கு அன்று நியாயம் இருந்தது. மயக்க மருந்து கொடுக்கும்போது இரைப்பையில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. ஆனால் தெளிந்த நீர் இரண்டு மணி நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்கிவிடுகிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். ஆகையால் இன்றைய பொது விதி: கெட்டி உணவு 6 மணி நேரத்துக்கு முன்பு வரை, தெளிந்த பானம் 2 மணி நேரத்துக்கு முன்பு வரை.

தெளிந்த பானம் என்றால் எது? வெறும் தண்ணீர், தே ஓ, கோப்பி ஓ. மைலோ ஆகாது. தே தாரேக் ஆகாது. பால் கலந்த எதுவும் கெட்டி உணவுக் கணக்கில்தான் சேரும். சில ஆஸ்பத்திரிகளில் மாவுச்சத்துப் பானம் ஒன்றும் கொடுப்பார்கள். பசியில் வாடி மேசைக்குப் போகிற உடம்பைவிட, எரிபொருளோடு போகிற உடம்பு அறுவையின் அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும் என்பதே காரணம்.

ஒரு எச்சரிக்கை. நம்மில் இனிப்புநீர்க்காரர்கள் அதிகம். அவர்களுக்கு இரைப்பை மெதுவாக இறங்கலாம், சர்க்கரையும் ஏறலாம். குடல் அடைப்போடு அவசரமாக வருகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. உங்களுக்கு எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று மயக்க மருத்துவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதுதான் முடிவு.

படுக்கை

'ஓய்வெடுத்தால் உடம்பு தேறும்' என்பது காய்ச்சலுக்குச் சரி. அறுவைக்குப் பின் படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பாகம் விரியாமல் சளி தேங்கிக் காய்ச்சல் வரும். காலில் இரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறினால் ஆளைக் கொன்றுவிடும். குடல் சோம்பிப் போய் வயிறு உப்பும். இருபது வருஷம் குலை வெட்டிய தொடைச் சதைகூடச் சில நாளில் கரையத் தொடங்கும்.

எனவே இந்தத் திட்டத்தில் அறுவை நடந்த அன்றே கட்டிலை விட்டு இறங்கி, மொத்தத்தில் இரண்டு மணி நேரமாவது உட்காரச் சொல்வார்கள். மறுநாளிலிருந்து, விட்டு விட்டு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் கட்டிலுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது இலக்கு. தாதி வந்து எழுப்பும்போது, 'இரக்கமில்லாதவள்' என்று நினைக்காதீர்கள். அவர் உங்கள் உயிரைக் காக்கிறார்.

நடக்க வேண்டுமானால் வலி அடங்கியிருக்க வேண்டும். நம் சுகாதார அமைச்சு 2008 முதலே, உடல் சூடு, நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கோடு வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக வைத்திருக்கிறது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலி எவ்வளவு என்று கேட்பார்கள். நம் ஆண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு 'ஒண்ணுமில்ல மிஸ்ஸி' என்பார்கள். அது வீரமல்ல. உண்மையைச் சொன்னால்தான் மருந்து சரியாகக் கிடைக்கும். இருமவும் நடக்கவும் முடியும். மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய் முதலியவற்றையும் எவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுத்துவிடுவார்கள்.

பத்தியம்

இதுதான் நம் வீடுகளில் பெரிய தடை. முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், மீன் சாப்பிட்டால் அரிக்கும், கோழி சூடு என்று பாட்டிமார் சொல்லி வைத்திருக்கிறார்கள். உள்ளபடி, புண் ஆறுவதற்குப் புதுச் சதை வேண்டும். சதைக்குக் கல்லும் சிமிந்தும் புரதச் சத்துதான். முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் இவற்றில்தான் அது இருக்கிறது. வெறுங்கஞ்சியில் இல்லை. புண் சீழ் பிடிப்பதற்குக் காரணம் கிருமி. சத்தில்லாத உடம்பும், கட்டுக்கடங்காத சர்க்கரையும், சிகரெட்டும் அந்தக் கிருமிக்குத் துணை போகின்றன.

குடல் அறுவை ஆனவர்கள் முதல் சில வாரம் நார் அதிகமுள்ள கீரைத்தண்டு, பலாப்பழம் போன்றவற்றைத் தள்ளி வைக்கலாம். மென்மையாகச் சமைத்து, ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை சிறிது சிறிதாகச் சாப்பிட வேண்டும். ஆஸ்பத்திரியில் மெல்லும் மிட்டாய் கொடுத்தால் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். வாய் மெல்லும்போது, சாப்பாடு வருகிறது என்று குடல் ஏமாந்து விழித்துக்கொள்கிறது.

வாய்ப்புற்று, தொண்டைப்புற்று அறுவைக்கும், உணவுக்குழாய் அறுவைக்கும் கணக்கு வேறு. சில நாள் குழாய் வழியாகவே உணவு போகும். எல்லா அறுவைக்கும் ஒரே சட்டம் கிடையாது.

தொற்றுக் காலம் கற்றுக்கொடுத்த பாடம்

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததை யார் மறப்பார்? சுங்கை பூலோ ஆஸ்பத்திரி முழுக்கக் கோவிட் ஆஸ்பத்திரி ஆனது. அவசரமில்லாத அறுவைகள் தள்ளிப்போயின. 2021 ஜூலையில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு நிரம்பி வழிந்ததை நாடே பார்த்தது. கட்டில் ஒவ்வொன்றும் பொன்னாக இருந்த காலம் அது.

ஆனால் புற்றுநோய் ஊரடங்கை மதிக்காது. 61 நாடுகளில் அறுவைக்குக் காத்திருந்த 20,000 புற்றுநோயாளிகளின் விவரத்தைத் திரட்டி 2021இல் ஓர் அறிக்கை வந்தது. முழு ஊரடங்கு இருந்த இடங்களில் ஏழு பேரில் ஒருவருக்குத் திட்டமிட்ட அறுவை நடக்கவே இல்லை. புற்றுநோய் அறுவை நான்கு வாரம் தள்ளிப்போனால் மரண அபாயம் 6 முதல் 8 விழுக்காடு வரை கூடுகிறது என்று 2020இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு கூறியது.

மறுபக்கம், அறுவையின்போது கோவிட் இருந்தால் அதுவும் பேராபத்து. முதல் அலையில் அப்படி அறுவை ஆன 1,128 பேரில் நூற்றுக்கு 24 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள். ஆகையால் கோவிட் கண்டவர்கள் முடிந்தவரை ஏழு வாரம் கழித்து அறுவை செய்துகொள்ளலாம் என்று 2021 மார்ச்சில் ஆலோசனை வந்தது. ஆனால் புற்று ஏழு வாரம் பொறுக்குமா என்பதை மருத்துவர்தான் எடை போட வேண்டும்.

காத்திருந்தாலும் ஆபத்து, அவசரப்பட்டாலும் ஆபத்து. இந்த இக்கட்டில் என்ன செய்வது? மும்பாயில் உள்ள டாட்டா நினைவு ஆஸ்பத்திரி நிறுத்தாமல் நடத்துவது என்று முடிவெடுத்தது. 2020 மார்ச் 23 முதல் ஏப்ரல் 30 வரை, இந்தியா முழுவதும் அடைபட்டுக் கிடந்த நேரத்தில், 494 புற்றுநோய் அறுவைகளை அங்கே செய்தார்கள். பெரும்பாலானவை கடினமான அறுவைகள். அறுவைக்குப் பின் ஒருவரும் இறக்கவில்லை. நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, தகுந்த பாதுகாப்போடு செய்தால் முடியும் என்று அது காட்டியது.

விரைவு மீட்சித் திட்டத்துக்கும் தொற்றுக் காலத்துக்கும் உள்ள உறவு இதுதான். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் குறைந்தால், கிருமியோடு பழகுவது ஒரு நாள் குறைகிறது. சிக்கல் குறைந்தால் தீவிர சிகிச்சைக் கட்டில் மிச்சமாகிறது. காலியான கட்டிலில் கோவிட்காரர் மட்டுமா படுக்கிறார்? அறுவைக்குக் காத்திருக்கும் இன்னொரு புற்றுநோயாளியும், உங்களைப் போன்ற இன்னொரு தொழிலாளியும் படுக்கலாம்.

அந்தத் தம்பியிடம் சொன்னேன்: "தம்பி, கட்டில் தேவைப்பட்டது நெசம்தான். ஆனா ஒங்கப்பாவ வெரட்டல. சாப்பிடுறார், நடக்குறார், காத்துப் பிரியுது, மாத்திரையிலேயே வலி அடங்குது. இந்த நாலும் இருந்தாத்தான் அனுப்புவாங்க. இனிமே அவருக்கு வைத்தியம் பாக்க வேண்டியது இந்த வீடுதான்."

நாம் செய்ய வேண்டியவை

அறுவைத் தேதி கிடைத்த நாளிலிருந்தே வேலை தொடங்குகிறது.

1. சிகரெட், சுருட்டு, சம்சு, பியர் ஆகியவற்றை நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்துங்கள். வெற்றிலை புகையிலையையும் அன்றே துப்பிவிட்டு, மறுபடி தொடாதீர்கள். வாய்ப்புற்றுக்கு அதுவே வித்து.

2. இரத்தம் குறைவா என்று சோதியுங்கள். நம் பெண்களிடம் இரத்தச் சோகை சாதாரணம். முன்கூட்டியே இரும்புச் சத்து ஏற்றினால், அறுவையின்போது இரத்தம் ஏற்றும் தேவை குறையும்.

3. தினமும் அரை மணி நேரம் நடங்கள். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுந்து பழகுங்கள்.

4. மருத்துவர் பேசும்போது தமிழும் மலாயும் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். தொற்றுக் காலத்தில் உள்ளே விடமாட்டார்கள் என்றால் கைப்பேசியில் பேச வையுங்கள்.

5. ஆஸ்பத்திரியில் மூன்று பந்து உள்ள ஊதுகுழல் போன்ற கருவி கொடுத்தால், அதை ஊதாமல் மெதுவாக உறிஞ்சி இழுக்க வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்துத் தடவை இழுங்கள்.

6. வீட்டுக்கு வந்த பிறகு காலையும் மாலையும் லயத்துக்கு முன்னால் நடங்கள். பாரம் தூக்காதீர்கள். குலை வெட்டும் வேலைக்கு எப்போது திரும்பலாம் என்று மருத்துவர் எழுதித் தரட்டும்.

பின்வரும் அடையாளங்களில் ஒன்று இருந்தாலும், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 38 பாகைக்கு மேல் காய்ச்சல். புண் சிவந்து சீழ் வடிதல். வயிறு உப்பி ஓயாத வாந்தி. கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி. உடனே ஆஸ்பத்திரிக்கு, அல்லது 999க்கு. சீக்கிரம் வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போகும் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஆகவே எந்த எண்ணுக்குப் போன் செய்வது என்று கேட்டு வாங்காமல் வார்டை விட்டு வெளியே வராதீர்கள்.

விடுப்பு உரிமை

'ஆஸ்பத்திரியில் ஐந்து நாள்தானே இருந்தாய், ஆறாம் நாள் வேலைக்கு வா' என்று ஒரு கிராணி சொன்னால் என்ன செய்வது? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 முதல், ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கான 60 நாள் சம்பள விடுப்பு, சாதாரண மருத்துவ விடுப்பில் கழியாது, அது தனி. கட்டிலில் படுக்காவிட்டாலும், ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு நோய் உண்டு என்று தகுதியுள்ள மருத்துவர் சான்று கொடுத்தால், சட்டப்படி ஆஸ்பத்திரியில் இருந்ததாகவே கணக்கு. ஆக, சீக்கிரம் வீட்டுக்கு வருவதால் இந்த உரிமை தானாகப் போய்விடாது. வீட்டில் தேறும் நாட்களுக்கும் சேர்த்துச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரிவித்துவிடுங்கள். தகராறு வந்தால் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். சங்கம் எதற்காக இருக்கிறது?

பெரியவர் என்ன ஆனார்?

அன்று பகல் அவர் மனைவி ஒரு முட்டையை வேகவைத்துக் கொடுத்தார். பயந்துகொண்டேதான் கொடுத்தார். சாயங்காலம் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு பெரியவர் வாசல்வரை நடந்தார். மறுநாள் பக்கத்து வீடு வரை, அடுத்த வாரம் கோயில் வரை. குடல் புற்றில் அறுவையோடு வேலை முடிவதில்லை. சிலருக்கு ரசாயன மருந்தும் தேவைப்படும். அதை எட்டு வாரத்துக்குள் தொடங்கிவிடுவது நல்லது. உடம்பு தேறாமல் கிடந்தால் அந்த நாளும் தள்ளிப்போகும். அவருக்குத் தள்ளிப்போகவில்லை. ஆறாவது வாரத்தில் தொடங்கினார்கள்.

இதை எழுதும்போது ஒன்று மட்டும் என் மனத்தை உறுத்துகிறது. மலத்தில் இரத்தம் போவதை அவர் 2020 ஏப்ரலிலேயே கண்டிருந்தார். 'ஊரடங்குல எங்க போறது, மூலமா இருக்கும்' என்று எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் கிளினிக் அந்த எட்டு மாதமும் திறந்துதான் இருந்தது. நானும் அங்கேதான் இருந்தேன்.

தோழர்களே, இன்னொரு தொற்று வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வந்தாலும் வராவிட்டாலும், மலத்தில் இரத்தம், மார்பில் கட்டி, வாயில் ஆறாத புண் இவற்றை மறைக்காதீர்கள். அறுவை என்று சொன்னால் ஓடி ஒளியாதீர்கள். அறுவை முடிந்தால் எழுந்து நடங்கள்.

— தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்